குருவம்மா வீட்டுக் குப்பை எங்க போச்சு

பொன்னாவரைப்பட்டி, பொன்னாவரைப்பட்டின்னு ஒரு ஊராம். அந்த ஒரு ஊரையே நாடுன்னு வச்சுக்கிட்டு ஒரு ராசா ஆண்டுக்கிட்டு இருந்தாராம். பெரிய நாடுன்னு நெனச்சுப்புடாதீங்க புள்ளைகளா, இந்தக் கோடியில சேவல் கூவுனா அந்தக் கோடியில இருக்கவன் எந்திரிச்சு உக்காருவான், அம்புட்டுத்தான் நாடு. ஆனா அந்த ராசாவுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் தன் கண்ணால பாக்காம நம்ப மாட்டாரு. பருப்புல வண்டு எந்த வழியா வருதுன்னு பாக்கணும்னு பருப்புப் பானைக்குப் பக்கத்துலயே பத்து நாள் உக்காந்திருந்தாராம். ராணி வந்து கூப்பிட்டுப் பாத்தா, மந்திரி வந்து கூப்பிட்டுப் பாத்தாரு, "இருங்க, இப்ப வரும்"னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். அப்படி ஒரு ராசா.

அந்த ஊருக்குக் குடிக்கிற தண்ணி ஒரே ஒரு ஊருணியில இருந்துதான். எங்க கெணறு தோண்டுனாலும் உப்பு. மேக்க ஒரு ஆறு இருக்கு, ஆனா அங்க போக ரெண்டு நாழிகை நடக்கணும், வர ரெண்டு நாழிகை நடக்கணும். அதனால ஊருணின்னா ஊருக்கு உசுரு.

ஊரு சுத்தமா இருக்கணும்னு ராசா ஒரு ஏற்பாடு செஞ்சிருந்தாரு. என்ன ஏற்பாடு? காலையில அவங்கவங்க வீட்டுக் குப்பையை ஒரு கூடையில போட்டு வாசல்ல வைக்கணும். ரெட்டை மாட்டு வண்டி வரும், அள்ளிக்கிட்டுப் போகும், மேக்க ஆத்துக்குப் போற பாதையில, மேட்டு மறைவுல ஒரு பெரிய குழி வெட்டி வச்சிருக்கு, அதுல கொண்டுபோய்க் கொட்டிரும். அந்த வண்டியப் பாத்துக்கிற மணியம் தவசின்னு ஒருத்தன்.

இந்தத் தவசி வீட்டுக்கு வீடு வண்டியை நிறுத்தி, "குப்பை, குப்பை, குப்பை"ன்னு மூணு தடவ கூப்பிடுவான். சனங்களுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஏன்னு கேளுங்க. வாசல்ல வச்சா போயிருது, பொறவு அதைப் பத்தி நெனைக்கவே வேண்டியதில்ல. முன்னால எல்லாம் அகப்பைக் காம்பு ஒடஞ்சா வேற காம்பு மாட்டுவாங்க. இப்ப ஒடஞ்சா கூடையில போட்டாங்க. முன்னால எல்லாம் மிஞ்சுன சோத்துல தண்ணி ஊத்தி வைப்பாங்க. இப்ப மிஞ்சுனா கூடையில போட்டாங்க. முன்னால எல்லாம் கிழிஞ்ச பாயை முடைஞ்சு ஒட்டுப் போடுவாங்க. இப்ப அதையும் சுருட்டி வாசல்ல வச்சாங்க. ஒரு கூடையா இருந்தது ரெண்டு கூடையாச்சு, ரெண்டு கூடை மூணு கூடையாச்சு, வண்டி ஒரு நடை போனது மூணு நடை போக வேண்டியதாச்சு.

அந்த ஊர்ல ஒரே ஒரு வீட்டுல மட்டும் கூடையே இல்ல. அது குருவம்மா வீடு.

குருவம்மா பொறந்தது கரிசக்காட்டுல ஒரு வறண்ட ஊரு. சின்னப் புள்ளையில ஒரு குடம் தண்ணிக்குக் கால் கடுக்க நடந்தவ. கையில எது கெடச்சாலும், இத வேற எதுக்காவது ஆகுமான்னு திருப்பித் திருப்பிப் பாக்குறது அவளுக்குப் பழக்கம். அவ புருசன் பேரு சோலையாண்டி. ஊர் மாட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டுப் போயி மேய்ச்சுட்டு வருவான். நல்ல மனுசன், ஆனா கொஞ்சம் வெகுளி. கேட்டா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவான், கேக்கலன்னா அம்புட்டு லேசுல வாயத் தொறக்க மாட்டான். அதனால ஊருக்குள்ள அவனைப் பித்துக்குளின்னு சொல்லுவாங்க.

தினமும் காலையில தவசி அவங்க வீட்டு வாசல்லயும் வண்டிய நிறுத்தி, "குப்பை, குப்பை, குப்பை"ம்பான்.

குருவம்மா வெளிய வந்து, "எங்க வீட்ல இல்லைங்க"ம்பா.

"இன்னைக்குமா இல்ல?"

"இன்னைக்கும் இல்லைங்க."

"நேத்தும் இல்லன்ன, முந்தாநாளும் இல்லன்ன. சோறு திங்கிறீங்களா இல்லையா?"

"திங்கிறோம்ங்க."

அவன் முணுமுணுத்துக்கிட்டே போயிருவான். இப்படியே பன்னெண்டு வருசம் போச்சு.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, ஒரு கோடையில ஊருணித் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்க ஆரம்பிச்சுச்சு. முதல்ல, மழை இல்லாததால இருக்கும்னு விட்டுட்டாங்க. பெறகு தண்ணி பச்சையாப் போச்சு, பாசியா இருக்கும்னு விட்டுட்டாங்க. பெறகு எருமை மாடு போயி மோந்து பாத்துட்டுக் குடிக்காமத் திரும்பிருச்சு. சகதியில பொரள்ற எருமையே வேண்டாம்னு திரும்புனா அது என்ன தண்ணியா இருக்கும், நீங்களே சொல்லுங்க. அந்த வாரமே ஊர்ல புள்ளைகளுக்கெல்லாம் வாந்தியும் வயித்தாலையும். பக்கத்து வீட்டு மூக்காயி மக, மூணு வயசுப் புள்ள, துவண்டு தோள்லயே கெடந்துச்சு.

ஊர் பூராவும் ராசா முன்னால கூடுனாங்க. "ஊருணியில யாரோ குப்பையைக் கொட்டுறாங்க மகாராசா. கண்டுபிடிச்சுக் குடுங்க"ன்னாங்க.

ராசா தவசியக் கூப்பிட்டாரு. "குப்பைக்கு நீதான மணியம். என்னப்பா இது?"

தவசிக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ஏன் ஒட்டிக்கிச்சுன்னு பொறவு சொல்றேன், இப்பவே கேக்காதீங்க. அப்புறம் சொன்னான்:

"மகாராசா, நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் தினமும் குப்பை வருது. பெரிய வீடுன்னா மூணு கூடை, சின்ன வீடுன்னா ஒரு கூடை. குருவம்மா வீட்டுல மட்டும் பன்னெண்டு வருசமா ஒரு கூடை கூட வரல. குப்பை இல்லாத வீடு உலகத்துல உண்டா? அவங்களும் சமைக்கிறாங்க, சாப்பிடுறாங்க, துணி கட்டுறாங்க. அப்ப அந்த வீட்டுக் குப்பை எங்க போச்சு?"

எல்லாரும் குருவம்மாவத் திரும்பிப் பாத்தாங்க. கேள்வி நியாயமாத்தான் பட்டுச்சு. குப்பை எங்க போச்சு?

"நான் ஊருணியில ஒரு துரும்பு போடல ராசா"ன்னா குருவம்மா.

"அப்ப எங்க போடுறம்மா?"ன்னு கேட்டாரு ராசா.

"எங்கயும் போடலைங்க."

அது இன்னும் சந்தேகமாப் போச்சு. "இவளை ஊரை விட்டு வெரட்டுங்க"ன்னு ஒருத்தன் சொன்னான், ரெண்டாவது ஒருத்தன் சொன்னான், மூணாவதா ஊரே சொல்லுச்சு. ராசா கையைத் தூக்கி, "நான் விசாரிக்கிறேன்"ன்னாரு.

விசாரிக்கிற வரைக்கும் ஊரு சும்மா இருக்குமா? ஊருணிப் படியில இருந்த கொஞ்ச நல்ல தண்ணியையும் குருவம்மாவ மோக்க விடல. அவ தலையில குடம், இடுப்புல குடம்னு ஆத்துக்கு நடந்தா. மூக்காயி வீட்டுக்கும் இவ வீட்டுக்கும் நடுவுல ஒரு வேலிதான். "மதினி, மதினி"ன்னு ஆயிரம் தடவ கூப்பிடுறவ, இப்ப வேலியில இருந்த சின்ன வழிய முள்ளு வச்சு அடைச்சுட்டா. குருவம்மா அந்த முள்ளைப் பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா. ஊரு பேசுனது கூட அவளுக்கு அம்புட்டு வலிக்கல, அந்த முள்ளு வலிச்சுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு ராசா வந்தாரு. பல்லக்கு இல்ல, சேவகன் இல்ல, தனியா வந்து கதவத் தட்டுனாரு.

"அம்மா, உங்க வீட்டுல குப்பை எங்க போகுதுன்னு நான் பாக்கணும். மூணு நாள் பகல்ல வந்து உக்காந்துக்கிறேன். நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க."

குருவம்மாவுக்கு வெக்கமாவும் இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு. ஒருத்தர் வந்து உக்காந்து வீட்டுல குப்பை வருதான்னு பாத்தா எப்படி இருக்கும்? ஆனா என்ன செய்ய. உரலைக் கவுத்துப் போட்டு, "உக்காருங்க ராசா"ன்னா. ராசா உரல் மேல உக்காந்தாரு.

முதல் நாள். ராசா சொன்னாரு, "இன்னைக்கு நான் இந்தத் தண்ணி பின்னாடியே போகப் போறேன். ஒரு குடம் தண்ணி எங்க போயி முடியுதுன்னு பாக்குறேன்."

குருவம்மா ஆத்துல இருந்து கொண்டு வந்த குடத்துல இருந்து மோந்து அரிசி களைஞ்சா. ராசா எட்டிப் பாத்தாரு. களைஞ்ச தண்ணிய ஒரு தாழியில ஊத்துனா.

"குப்பையா?"ன்னாரு ராசா.

"மாட்டுக்குக் கழுநீருங்க."

சோறு பொங்குச்சு, கஞ்சிய வடிச்சா. "இது குப்பையா?"

"வேட்டிக்குக் கஞ்சி போடணும்ங்க. மிச்சத்துல உப்புப் போட்டு நான் குடிச்சுருவேன்."

சாப்பிட்ட ஏனத்தைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு வெளக்குனா. வெளக்குன தண்ணி வாய்க்கால் மாதிரி ஓடிச்சு. ராசா எந்திரிச்சு அது பின்னாடியே போனாரு. அது கொல்லையில வாழைக்குப் போச்சு. குளிச்ச தண்ணி பின்னாடி போனாரு, அது கீரைப் பாத்திக்குப் போச்சு. காய்கறி கழுவுன தண்ணி பின்னாடி போனாரு, அது பூசணிக் கொடிக்குப் போச்சு. ராசாவோட காலெல்லாம் சகதி. பொழுது சாய வெளிய வந்தாரு. வாசல்ல தவசி நிக்கிறான்.

"குப்பையப் பாத்தீங்களா மகாராசா?"

"இன்னும் வரல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு ராசா.

ரெண்டாம் நாள். "இன்னைக்குத் துணி"ன்னாரு ராசா. "ஒரு சேலை பழசாயிட்டா அது குப்பைதான?"

குருவம்மா கொஞ்சம் யோசிச்சா. ஒரு சேலையோட கதை ஒரே நாள்ல நடக்காது இல்லையா? அதனால வீடு பூராவும் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டுனா. "இதோ நான் கட்டியிருக்கிறது. இது நைஞ்சு போனா, இதோ பாருங்க, நாலா மடிச்சுத் தைச்சு விரிப்பு. விரிப்பு கிழிஞ்சா, நல்ல பக்கத்தை வெட்டி எண்ணெய் வடிகட்ட, மாவு சலிக்க. அதுவும் கிழிஞ்சா, சூட்டோட பானை இறக்கப் பிடிதுணி. பிடிதுணி கருகிப் போனா, அதைத் திரிச்சு விளக்குக்குத் திரி."

"திரி எரிஞ்சு போனா?"

"எரிஞ்சு போனா என்ன ராசா இருக்கும்?"

ராசா வாய்விட்டுச் சிரிச்சாரு. அப்புறம் கேட்டாரு, "அரமனையில ஒரு பட்டுல எண்ணெய்க் கறை பட்டா அன்னைக்கே வாசலுக்குப் போயிருதே. ஏன் அப்படி?" குருவம்மா ஒரு திரியைத் திரிக்க ஆரம்பிச்சா. ராசா கிட்ட என்னத்தைச் சொல்ல.

பொழுது சாய வெளிய வந்தாரு. வாசல்ல தவசி.

"குப்பையப் பாத்தீங்களா மகாராசா?"

"இன்னும் வரல."

மூணாம் நாள். அன்னைக்கு ராசாவே அரமனைத் தோட்டத்துல இருந்து ரெண்டு பீர்க்கங்காயும் ஒரு பூசணிக்காயும் கொண்டாந்தாரு. "இன்னைக்கு இதைச் சமைங்க. தோலு வரும், வெதை வரும், குடலு வரும். அது எங்க போகுதுன்னு பாக்குறேன்."

அவ பீர்க்கங்காய்த் தோலைச் சீவி, உளுந்தும் மிளகாயும் வறுத்துப் போட்டு, புளி வச்சு, அம்மியில அரைச்சுத் துவையலாக்குனா. புளியைக் கரைச்ச சக்கையை எடுத்துச் செம்புக் குடத்தைத் தேய்ச்சா, குடம் பளபளன்னு ஆச்சு. பூசணி வெதையைக் கழுவி முறத்துல காய வச்சா. பூசணிக் குடலை மாட்டுக்குப் போட்டா. சாப்பிட்ட வாழை இலையும் மாட்டுக்கே போச்சு. காம்பும் வேரும் மட்டும் எருக்குழிக்குப் போச்சு. ராசா அந்த எருக்குழிய ஒரு குச்சியால கிளறிப் பாத்தாரு, கருப்பா பொலபொலன்னு மண்ணு, நல்ல வாசம். துவையலைத் தொட்டுச் சோறு தின்னவரு ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்னாரு.

"இத்தனை வருசமா இந்தத் தோலை நான் தூக்கிப் போட்டிருக்கேன்"னு தனக்குள்ள சொல்லிக்கிட்டாரு.

பொழுது சாய வெளிய வந்தா தவசி நிக்கிறான், அவன் பின்னால ஊரும் நிக்குது.

"குப்பையப் பாத்தீங்களா மகாராசா?"

"மூணு நாளும் உக்காந்து பாத்துட்டேன், வரல."

தவசி சிரிச்சான். "நீங்க உக்காந்திருக்கும்போது எப்படி மகாராசா வரும்? நீங்க போன பொறவு வரும். பன்னெண்டு வருசம் ஒரு வீட்டுல எதுவுமே வீணாகலன்னு சொன்னா ஒரு சின்னப் புள்ள நம்புமா?"

ஊரும் தலையாட்டுச்சு. ராசாவுக்கே ஒரு நிமிசம் சந்தேகம் வந்துருச்சு. அவர் திரும்பி, "ஏம்மா, பன்னெண்டு வருசத்துல எதுக்குமே ஆகாததுன்னு ஒண்ணு கூடவா இல்ல?"ன்னு கேட்டாரு.

குருவம்மா முகம் செவந்து போச்சு. "இருக்குங்க"ன்னா.

தவசி, "கேட்டீங்களா, கேட்டீங்களா"ன்னான்.

குருவம்மா உள்ள போனா. அடுப்படி மூலையில இருந்து ஒரு சின்ன மண்கலயத்தை எடுத்துட்டு வந்து ராசா கையில குடுத்தா. ராசா உள்ள பாத்தாரு. ஒடஞ்ச கண்ணாடி வளையல் துண்டு, பல்லு போன சீப்பு, துருப்பிடிச்ச ஆணி நாலஞ்சு, கண்ணாடிச் சில்லு ஒண்ணு. கலயத்துல பாதி கூட இல்ல.

"இதுக்கு என்ன வேலை இருக்குன்னு எனக்கு இன்னும் தெரியல ராசா. வெளிய போட்டா யாரு காலிலயாவது குத்தும். அதான் வச்சிருக்கேன். அப்பப்ப எடுத்துப் பாப்பேன். பன்னெண்டு வருசத்துல எங்க வீட்டுக் குப்பை இதுதான்."

ராசா அந்தச் சீப்பை எடுத்துப் பாத்துட்டுத் திரும்பக் கலயத்துலயே வச்சாரு. அப்பத்தான் மாட்ட ஓட்டிக்கிட்டு சோலையாண்டி வந்தான். கூட்டத்தைப் பாத்தான், ராசாவப் பாத்தான், தலைய சொறிஞ்சான்.

"ஏங்க ராசா, எல்லாரும் எங்க வீட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே. குப்பை கெடக்குறது ஊருணியிலதான? ஊருணிக்குள்ள எறங்கிப் பாத்தா என்ன கெடக்குன்னு தெரிஞ்சுராதா?"

பித்துக்குளி கேட்ட கேள்வியப் பாத்தீங்களா. ஊர்ல அத்தனை பேரு இருந்தாங்க, மந்திரி இருந்தாரு, ஒருத்தருக்கும் அது தோணல.

"அங்க கொடி அடர்ந்து கெடக்கு மகாராசா, பாம்பு கெடக்கு, சேறு ஆளை இழுக்கும்"னான் தவசி. அவசர அவசரமாச் சொன்னான்.

"நாளைக்குக் காலையில எறங்குறோம்"னாரு ராசா. "நானும் எறங்குறேன்."

விடிஞ்சதும் ஊரே ஊருணிக்கரையில. சனங்க தண்ணி மோக்குறது கிழக்குப் படித்துறையில. மேக்குப் பக்கம் தாழம்புதர் மண்டிக் கெடக்கும், பாம்பு இருக்குன்னு யாரும் போறதில்ல. பாம்பு இருக்குன்னு முதல்ல சொன்னது யாருன்னு அன்னைக்கு வரைக்கும் யாரும் யோசிக்கல. புதரை வெட்டுனாங்க. வெட்டுனா உள்ள வண்டித் தடம், தேஞ்சு பள்ளமாக் கெடக்கு. தடம் நேராத் தண்ணிக்குள்ள போகுது.

எறங்கி இழுத்தாங்க. அகப்பை வந்துச்சு, முறம் வந்துச்சு, விளக்குமாறு வந்துச்சு. பாய் வந்துச்சு, பானை ஓடு வந்துச்சு, தொட்டில் கட்டை வந்துச்சு. அழுகுன சோறும் இலையும் மலை மாதிரி வந்துச்சு. எல்லாத்தையும் கரையில பரப்புனாங்க. கரை நெறஞ்சு போச்சு.

சோலையாண்டி ஒவ்வொண்ணாத் தூக்கிக் காட்டி, "இது யாருது? இது யாருது?"ன்னு கேட்டுக்கிட்டே போனான். ஒருத்தரும் வாயத் தொறக்கல. அகப்பையோட சொந்தக்காரிக்கு அது தன் அகப்பைன்னு தெரியாதா? தெரியும். ஆனா தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறா.

அப்பக் கால்ல ஏதோ தட்டுப்பட்டு ராசாவே குனிஞ்சு சேத்துல இருந்து இழுத்தாரு. மயில் தோகை விசிறி. வெள்ளிப் பிடி போட்டது. அந்த ஊர்ல வெள்ளிப் பிடி போட்ட விசிறி யாரு வீட்டுல இருக்கும்? ராசா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு:

"இது என்னுது. ரெண்டு தோகை உதுந்துச்சு, போட்டுட்டேன்."

ராசாவே சொன்ன பொறவு மத்தவங்களுக்கு என்ன. "அந்த அகப்பை என்னுது"ன்னா ஒருத்தி. "அந்தப் பாய் எங்களுது"ன்னான் ஒருத்தன். "தொட்டில் கட்டை என் மகளுது"ன்னு சொல்லி மூக்காயி வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. தன் புள்ள குடிச்ச தண்ணியில தன் வீட்டுக் குப்பையே கெடந்திருக்கு. சாயங்காலம் வரைக்கும் எல்லாத்தையும் பிரிச்சு வச்சாங்க, ஊர்ல இருக்க எல்லா வீட்டுக்கும் ஒரு குவியல் இருந்துச்சு. அதுல அரமனைக் குவியல்தான் ஒசரம். குருவம்மாவுது ஒண்ணு கூட இல்ல.

ராசா தவசியப் பாத்தாரு. "இதெல்லாம் நாங்க உன் வண்டியில போட்டது. மேக்குக் குழியில இருக்க வேண்டியது. இங்க எப்படி வந்துச்சு?"

தவசி அப்பவும் விடல. "நான் குழியிலதான் கொட்டுனேன் மகாராசா. அங்க இருந்து இவதான் எடுத்துட்டு வந்து இங்க போட்டிருப்பா."

"இம்புட்டையும் தூக்கிட்டு வரணும்னா எனக்கு ஒரு ரெட்டை மாட்டு வண்டி வேணும்யா"ன்னா குருவம்மா. "ஊருக்குள்ள அது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

"மேக்குக் குழியா?"ன்னான் சோலையாண்டி. "அதுலதான நான் தினமும் மாடு மேய்க்கிறேன். புல்லு நல்லா மண்டிக் கெடக்கு. போன வாரம் ஒரு ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருக்கு. அதுல எவன் குப்பை கொட்டுனான்?"

"ஏம்ப்பா, இத இத்தனை நாளாச் சொல்லவே இல்லையே"ன்னாரு ராசா.

"யாரும் கேக்கலைங்களே ராசா."

ராசாவாச்சே, சொன்னா நம்புவாரா? அப்பவே குழிக்கு நடந்து போயிப் பாத்தாரு. புல்லு இருந்துச்சு, குருவி இருந்துச்சு, முட்டையும் நாலு இருந்துச்சு. திரும்பி வந்து நின்னதும் தவசி கால்ல விழுந்துட்டான். "மூணு நடை ஆயிருச்சு மகாராசா. ஒவ்வொரு நடைக்கும் போக ஒன்றரை நாழிகை, வர ஒன்றரை நாழிகை. ஊரு எல்லை வரைக்கும் மேக்க ஓட்டிட்டு, அங்க இருந்து சுத்திக்கிட்டு வந்து இங்க தள்ளிட்டேன்"னான்.

வெரட்டுங்க, அடிங்கன்னு ஊரு கத்துச்சு. குருவம்மாவ வெரட்டச் சொன்ன அதே வாய்தான். ராசா கேக்கல.

"தவசி, முதல்ல இந்தக் குவியல் ஒவ்வொண்ணையும் அவங்கவங்க வாசல்ல கொண்டுபோய் எறக்கு. கதவத் தட்டி, இது உங்களுதுன்னு சொல்லிட்டு எறக்கு. அரமனைக்குத்தான் முதல் வண்டி. அப்புறம் இந்த ஊருணிய உன் கையால தூர் வாரு. தண்ணி தெளியிற வரைக்கும் ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணிய ஆத்துல இருந்து நீதான் கொண்டாரணும். உன் வண்டியிலயே."

ஆத்துக்குப் போற பாதை எதுன்னு ஞாபகம் இருக்கா? எந்தக் குழிக்குப் போகச் சோம்பல்பட்டானோ, அந்தக் குழியத் தாண்டித்தான் போகணும். மூணு நடை அதிகம்னு நெனச்சவன் தினமும் ஏழு நடை போனான், எட்டு நடை போனான், ஒம்பது நடை போனான். மாட்டுக்குக் கால் வலிச்சா, தானே நுகத்துல கை வச்சு இழுத்துக்கிட்டுப் போனான். ஆள்காட்டிக் குஞ்சு பொரிச்சு, வளந்து, பறந்து போற வரைக்கும் போய்க்கிட்டே இருந்தான்.

ஊர்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டா, வாசல்ல வந்து எறங்குனத பாத்துட்டு எல்லாரும் திகைச்சு நின்னாங்க. இம்புட்டும் நம்ம வீட்டுல இருந்தா போச்சுன்னு அவங்களுக்கே நம்ப முடியல. அரமனை வாசல்ல மட்டும் நாப்பது வண்டி எறங்குச்சு. ராணி மூக்கைப் பொத்திக்கிட்டு, "இத என்ன செய்யப் போறீங்க?"ன்னு கேட்டா. "திருப்பித் திருப்பிப் பாக்கப் போறேன்"னாரு ராசா. அழுகுனதை எல்லாம் எருக்குழி வெட்டிப் போட்டாரு. மயில் விசிறியக் கழுவித் தானே வச்சுக்கிட்டாரு.

மூக்காயி அந்தத் தொட்டில் கட்டையைக் கழுவி எடுத்துக்கிட்டு, வேலியில வச்ச முள்ளைத் தன் கையாலயே எடுத்துப் போட்டுட்டு வந்தா. "மதினி, இது நடுவுல விரிஞ்சு போச்சு. இதை வச்சு என்ன செய்யலாம்?"ன்னு கேட்டா.

குருவம்மா மாவு இடிச்சுக்கிட்டே இருந்தா.

"மத்தவங்க சொன்னது எனக்குப் பெருசா படல மூக்காயி. நீ என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்"னா.

"புள்ள படுத்ததும் எனக்குப் புத்தி போயிருச்சு மதினி."

"இப்ப எப்படி இருக்கா?"

"ஆத்துத் தண்ணி குடிச்சதுல இருந்து தேவலை. சோறு கேக்குறா."

குருவம்மா உலக்கையச் சாத்தி வச்சுட்டு, கட்டையை வாங்கித் திருப்பிப் பாத்தா. "விரிசல்ல ஒரு கயிறு சுத்துனா இன்னும் பத்து வருசம் வரும். உள்ள வா, கயிறு தாரேன்"னா.

அந்த ஐப்பசியில நல்ல மழை பேஞ்சுச்சு. தூர் வாரின ஊருணி கரை தொட்டு நெறஞ்சுச்சு, எருமை முதல்ல போயிக் குடிச்சுச்சு, அது குடிச்சதைப் பாத்துட்டு ஊரும் குடிச்சுச்சு. தவசி அன்னைக்குத்தான் வண்டிய அவுத்துவிட்டுட்டு உக்காந்தான். பெறகும் தினமும் காலையில வண்டியோட வந்து மூணு தடவ கூப்பிட்டான், ஆனா அநேகமா எல்லா வாசல்லயும், "இன்னைக்கு இல்லைங்க"ன்னுதான் பதில் வந்துச்சு. எடுத்தது கொஞ்சத்தைக் குழியிலதான் கொட்டுனான், ஏன்னா வாரத்துல ஒருநாள் ராசா அந்த வண்டியிலயே ஏறி உக்காந்து கூடப் போனாரு.

நம்ம தூக்கிப் போடுற எதுவும் எங்கயும் போயிருறது இல்ல புள்ளைகளா, கண்ணுக்கு மறைவா பக்கத்துலதான் கெடக்கும். கதையும் முடிஞ்சுச்சு, சொன்ன தொண்டையும் காஞ்சுச்சு, உம் கொட்டுன நீங்க உறங்கப் போங்க.